நெடி

காய்ந்த மிளகாய் இருபது.
கிள்ளி, விதை உதறி,
புகையும் எண்ணெயில் போட்ட மறுநொடி
ஹுமாயூன்பூரின் இந்த ஐந்து மாடிக் கட்டடம்
ஒற்றைத் தொண்டையாய் இருமியது.

நவம்பர். காற்றின் எண் நானூற்றுப் பன்னிரண்டு.
கீழ்வீட்டு பத்ரா பால்கனிக் கதவை அறைந்து சாத்திவிட்டு
பஞ்சாபில் வயலைக் கொளுத்துகிறவர்களைத் திட்டினார்.
எதிர்வீட்டம்மாள் அரசாங்கத்தை.
படிக்கட்டில் யாரோ மாஸ்க் தேடி ஓடும் செருப்புச் சத்தம்.
கரண்டியும் கையுமாக நான்
மூச்சுக் காட்டவில்லை.
முகம் தெரியாத ஒரு விவசாயி
என் வாணலிக்காக வசவு வாங்கிக்கொண்டிருந்தார்.

வாரத்தில் ஐந்து நாள்
அடுத்தவர் ரசீதுகளைச் சரிபார்க்கிறேன்.
ஒரு நாளாவது எதையாவது
அளவில்லாமல் போட வேண்டும் எனக்கு.
அதனால் ஞாயிறுதோறும் தேசம் தாண்டுவேன்,
ஐஎன்ஏ மார்க்கெட் வரைதான் ஆட்டோ.
போன வாரம் எத்தியோப்பியா:
எண்ணெயில்லாமல் முக்கால் மணி நேரம்
வெங்காயம் வதங்கியது, கூடவே நானும்.
அதற்கு முந்தைய வாரம் ஜமைக்கா.
கோழியைவிட என் விரல்கள்தான் காரம் பிடித்தன;
ராத்திரி லென்ஸைக் கழற்றும்போது தெரிந்தது.

இன்று சிச்சுவான்.
புளிக்கவைத்த மொச்சையும் மிளகாயும் அரைத்த விழுது,
சின்ன பாட்டில், அறுநூற்று நாற்பது ரூபாய்.
மூடியைத் திருகினேன்.
அடைத்துவைத்த மூச்சை விட்டது.

அந்த நெடி எனக்குத் தெரியும்.
கப்பலேறி வந்ததல்ல அது.
மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்தது,
சென்ற வருடம் ஜூலையில்,
இனாகலியின் அடுப்பிலிருந்து.
திமாப்பூரிலிருந்து அவள் தம்பி
இலையில் பொதிந்து கொண்டுவந்த சோயா.
பன்றிக்கறியோடு அது கொதித்த மாலை
வீட்டுக்காரர் தன்வர் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஒரு தாளை வாசல் வாசலாக நீட்டினார்.
‘துர்நாற்றம்’ என்று அதில் நான்கு இடத்தில்.
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
தெளிவாகத்தான் போட்டேன், இனிஷியலோடு.

அதன்பின் ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டிச் சமைத்தாள்
என்று காவலாளி சொன்னான்.
சமைப்பதையே விட்டுவிட்டாள் என்றும் சொன்னான்.
நான் கேட்டுக்கொண்டதில்லை.

விழுதை எண்ணெயில் இறக்கினேன்.
சிவப்பு பிரிந்து ஓரமெல்லாம் ஏறியது.
டோஃபுத் துண்டுகள் அதில்
பல் பிடுங்க உட்கார்ந்தவர்கள்போல நடுங்கின.

கதவு தட்டும் சத்தம்.
இனாகலி. கண்ணெல்லாம் நீர், மூக்கில் துப்பட்டா.
“என்ன எரிகிறது இங்கே?”
இருவருக்குமே இரவலான இந்தியில்
பதில் தேடிக்கொண்டிருக்கையில்
உள்ளே வந்துவிட்டாள்.
பாட்டிலை எடுத்தாள். முகர்ந்தாள்.
இன்னொரு தரம், கண்ணை மூடி.
“எவ்வளவு?”
சொன்னேன்.
சிரிக்க ஆரம்பித்தாள்.
சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பவும் சிரிப்பாகி
சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, கேட்காமலே தீயைக் குறைத்தாள்.
கேட்காமலே ஜன்னலைச் சாத்தினாள்.
“தன்வர் ஏழரைக்கு மாடி ஏறுவார்” என்றாள்,
பால்காரன் வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

கடைசியில்தான் அந்த மிளகு.
வறுத்துப் பொடித்துத் தூவினேன்.
உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள்.
“இஞ்சி பத்தவில்லை.”
எனக்கு உதடு முதலில் போனது,
பிறகு நுனிநாக்கு,
பேட்டரியை நக்கிப் பார்த்த பள்ளிக்கூட நாள்போல
வாய்க்குள் மெல்லிய மின்சாரம்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
“என்ன?” என்றாள்.
நாக்கு மரத்துப்போய்விட்டது என்றேன்.
“தெரியும்” என்றாள்
கரண்டியை வழித்துக்கொண்டே.

சோறு இருக்கிறதா என்றும் கேட்டாள்.